மனு என் சட்டைப் பையில் இருந்தது

நேற்று வேப்பனப்பள்ளிச் சாலையில் பேருந்து பழுதாகி நின்றது. சன்னல் வழியே மாம்பூ வாசனை வந்தது. என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. நீ போய் நாலு மாதமாகிறது. நீ இருந்தபோது சொல்லாததை இனி எழுதித்தான் ஆகவேண்டும்.

எந்த ஊர் எந்த மாநிலத்துக்கு என்று எல்லைப் பேச்சு அடிபட்ட ஐம்பதுகள் அவை. நீ பாகலூர்ப் பக்கம் தபால் கொண்டுபோனவன். நான் ஓசூர் ஜவுளிக்கடையில் துணி கிழித்தவன். இருவருமே கடலைப் பார்த்ததில்லை. கன்னியாகுமரி வரைக்கும் நடந்தே போய்விடலாம் என்றாய்.

"ரயில்ல போனா கடல் மட்டுந்தான்டா வரும். நடந்து போனா வழியில இருக்கிற சனமெல்லாம் வரும்."

வழிச்செலவுக்கும், நீ சம்பளமில்லாமல் விடுப்பில் இருக்கும் நாட்களில் உன் அம்மாவின் சாப்பாட்டுக்கும் யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உதவி கேட்கும் மனுவை என்னையே எழுதச் சொன்னாய். ஓசூர்க் கடைவீதியில் ஏறி இறங்கினோம். "நடக்கறதுக்கு எதுக்குப்பா காசு?" என்று என் முதலாளியே சிரித்தார். திருப்பதிக்கு நடந்து போகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும், மாந்தோப்பு வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவர் வேப்பனப்பள்ளிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் புறப்பட்டோம்.

உன்னிடம் இருந்த ஒரே நல்ல உடுப்பு தபால் வேலைக்குக் கொடுத்த காக்கிக் கோட்டுதான். அதைப் போட்டுக்கொண்டாய். காலண்டர்த் தாளின் பின்பக்கம் சிவப்புப் பென்சிலால் நம் வழியை வரைந்து வைத்திருந்தாய். போகிற வழியில் ஆடு மேய்த்தவர்களிடம் ஊர்ப் பெயர்களைக் கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாய். பார்க்கிறவர்களுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

மாந்தோப்புக்குள் நுழைந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். சிலர் கையில் அரிவாள்.

"எவுரு மீரு? யாரு நீங்க? எந்த சர்க்காரு அனுப்புச்சி? எங்க ஊர எந்தப் பக்கம் தள்ளப் போறீங்க?"

நீ தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்னாய். "அளக்க வரலண்ணா. கன்னியாகுமரிக்கு நடக்கப் போறோம். பெரியவர் ஒத்தாசை பண்ணுவார்னு கேக்க வந்தோம்."

உன் கையிலிருந்த காலண்டர்த் தாளை ஒருவன் பிடுங்கினான். "நடக்கறவனுக்குக் கோடு போட்ட படம் எதுக்குடா?"

இன்னொருவன் என் சட்டையைப் பிடித்தான். அவன் கையிலிருந்த அரிவாளில் பச்சைப் புல் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய் தானாகப் பேசியது.

"படம் என்னுது இல்லீங்க. இவரு யாருன்னே தெரியாது. வழியில கூட வந்தாரு, அவ்ளோதான்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமில்லை. "ஆமாங்க, வழியில சேந்தவருதான். அவர உட்டுடுங்க" என்றாய்.

என்னை மட்டும் விட்டுவிட்டார்கள். வேலியோரமாக விறுவிறுவென்று நடந்தேன். வேலி திரும்பும் இடத்தில் நெஞ்சைப் பிடித்தபோது பையில் தாள் சரசரத்தது. மனு! நாம் யார், எதற்கு வந்தோம் என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி. நின்றேன். திரும்பவில்லை. பேருந்துச் சாலையை நோக்கி இன்னும் பத்து அடி வைத்தேன். அப்போதுதான் நீ கத்தியது கேட்டது.

ஓடிவந்து மனுவை நீட்டியபோது உன் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டுக் கிணற்றுப் பக்கமிருந்து வந்த தோட்டக்காரர் அதை வாங்கி எல்லோருக்கும் கேட்கப் படித்தார். படிக்கப் படிக்க ஒவ்வொருவராகத் தலை குனிந்தார்கள்.

"அடப்பாவிகளா, கடலப் பாக்கப் போறவனையா அடிச்சீங்க?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ யாருப்பா?"

நீதான் சொன்னாய். "எங்கூட நடக்கப் போறவன்."

உன் அம்மாவுக்குத் தானியம் அனுப்புவதாகவும் நம் வழிச்செலவைப் பார்த்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். சொன்னபடியே செய்தார். காயம் ஆறியதும் கிளம்பினோம். ஏன் யாரென்று தெரியாது என்றாய் என இன்றைக்குக் கேட்பாய், நாளைக்குக் கேட்பாய் என்று வழி நெடுக பயந்துகொண்டே உன் பின்னால் நடந்தேன். தொப்பூர்க் கணவாயில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது, "எனக்கும் பயமாத்தான்டா இருந்துச்சு" என்றாய். அவ்வளவுதான். கடலைக் கண்டதும் முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவி, ஆறிப்போன தழும்பிலும் உப்பு எரிகிறது என்று சிரித்தாய்.

துக்கம் கேட்க வந்த அன்று உன் மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் கும்பலுக்குள்ள திரும்பி வந்து அப்பாவக் காப்பாத்தினவரு நீங்கதான்னு எப்பவும் சொல்லுவாருங்க மாமா." நான் தலையை ஆட்டினேன். உன் மகனிடம்கூட உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்தப் பத்து அடியை நீ பார்க்கவில்லை. வலி தாங்காமல் நீ கத்தியிராவிட்டால் பதினோராவது அடியை எந்தப் பக்கம் வைத்திருப்பேன்? எனக்குத் தெரியாது. அரிவாளைக் கண்டு வந்த பயம் அன்று சாயங்காலமே போய்விட்டது. இந்தப் பயம் மட்டும் போகவில்லை.