எங்கள் குடியிருப்பில் பிள்ளைகளே இல்லை என்ற கணக்கைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
செ. ஷைலஜா, பத்தாம் வகுப்பு,
துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்கள்,
திட்ட அலுவலர்,
இளந்தளிர் வளரிளம் பருவத்தினர் திட்டம்,
எர்ணாகுளம்.

பொருள்: தவறான கணக்கெடுப்பு – மறு கணக்கெடுப்பும் மாலை வகுப்பில் சேர்க்கையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஜூலையில் தாங்கள் எங்கள் பள்ளிக்கு வந்து பேசினீர்கள். எந்தப் பிள்ளைக்கு உதவி போய்ச் சேரவில்லை என்பதை இனி ஊகிக்க மாட்டோம், வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கண்டுபிடிப்போம் என்றீர்கள். நான் கைதட்டினேன். தமிழ் வாசிப்பேன் என்றும் தாங்கள் சொன்னதால், எங்கள் வீட்டு மொழியான தமிழில் எழுதுகிறேன்.

2. ஆகஸ்டில் கணக்கெடுப்பாளர்கள் இருவர் வந்தார்கள். காய்ச்சலால் நான் அன்று வீட்டுக்குள் படுத்திருந்தேன். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதில் யாராவது உண்டா என்று கேட்டார்கள். என் அம்மா சரோஜம்மா, "இவிடெ குட்டிகளொண்ணும் இல்ல சாரே" என்று மலையாளத்தில், பிள்ளைகளே இல்லை என்றார். வாசல் கொடியில் என் பள்ளிப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கையால் ஒதுக்கிவிட்டுத்தான் அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில். எவரும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

3. அம்மா ஏன் பொய் சொன்னார் என்று தாங்கள் கேட்கலாம். கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்கவில்லை. முன்பு இப்படித்தான் சிலர் கோப்புடன் வந்து பிள்ளைகளின் வயதைக் கேட்டார்கள். மறுநாளே தோப்பும்படியில் செம்மீன், அதாவது இறால், உரிக்கும் கொட்டகையின் முதலாளிகள் வழக்கு வரும் என்று பயந்து, வயது குறைந்த எங்கள் பெண்பிள்ளைகளைக் கூலி கொடுக்காமல் விரட்டினார்கள். பள்ளியில் சேர்க்க யாரும் வரவில்லை. அன்றிலிருந்து வயதைக் கேட்பவருக்கு எங்கள் குடியிருப்பில் ஒரே பதில்தான். மிக அதிகமாக உதவி தேவைப்படும் இடத்தில்தான் ஐயா, இந்தப் பொய்யும் மிக அதிகமாக இருக்கும். இதை எண்ணிப் பாராத கணக்கைக் கணக்கு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

4. அந்தக் கணக்கை வைத்துத் தங்கள் திட்டம் தொடங்கிய மாலை வகுப்பு, டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள் நிறைந்த தெருவில் திறக்கப்பட்டுள்ளது. பக்கத்து வீட்டு அம்பிளி எட்டாம் வகுப்போடு நின்று செம்மீன் உரிப்பவள். தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. செம்மீன் வாடை போக அவள் கைகளில் எலுமிச்சை தேய்த்துக் கழுவி, அவள் அம்மா மூக்கம்மாள் அங்கே அழைத்துப் போனார். நானும் போனேன். எங்கள் குடியிருப்பு பட்டியலில் இல்லை என்றார் எழுத்தர். "கணக்கில் இல்லாத்த குட்டிக்கு எவிடந்நு சீட்டு தரும், மோளே?" என்று, கணக்கில் இல்லாத பிள்ளைக்கு இடம் ஏது என்ற பொருளில் கேட்டுச் சிரித்தார். அந்தக் குட்டி அவர் மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

5. திரும்பி வந்ததும் வீட்டு வாசலில் மூக்கம்மாள், "இல்லைன்னு சொன்னது நாந்தானேடீ, யார்கிட்ட போய் சண்டை போட?" என்றார். நான் தங்களிடம் போடுகிறேன். இம்மாதம் முப்பதாம் தேதியோடு சேர்க்கை முடிகிறது. அதன்பின் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டு அம்பிளியைக் குஜராத்தில் செம்மீன் உரிக்கும் கொட்டகைக்கு அழைத்துப் போவதாகப் பேச்சு. எங்கள் குடியிருப்பிலிருந்து முன்பு போன இருவர் இன்னும் திரும்பவில்லை.

6. ஆகவே, வரும் ஞாயிறு மாலை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், தமிழ் பேசும் பெண் ஒருவரை அனுப்பிக் கணக்கெடுக்க வேண்டுகிறேன். சொல்லும் வயது வேறெந்த அலுவலகத்துக்கும் போகாது என்று எழுத்தில் தந்துவிட்டு அவர் கேட்கட்டும். பழைய கணக்கு திருத்தப்படும்வரை காத்திருக்காமல் அம்பிளியை முப்பதாம் தேதிக்குள் சேர்த்துக்கொள்ள உத்தரவிட வேண்டும். அவள் பெயரை அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே எழுதியிருக்கிறேன். அந்தச் சம்மதத்தைப் பெறுவது எளிதாக இருக்கவில்லை. அதை வீணாக்கிவிடாதீர்கள்.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 16-11-2004

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்க்கும்
செ. ஷைலஜா (வயது 15)

உடன் கையொப்பம்:
ரா. அம்பிளி (வயது 15)