கறுப்புக் கட்டைகளில் மரம் தெரிகிறது

என் சண்டைக்கார அக்காவுக்கு,

ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டு ஹாலில், உன் பியானோ ஸ்டூலின் இடது ஓரத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வலது பக்கம் உன்னுடையது. அதில் இன்னும் யாரும் உட்காருவதில்லை. அப்பா இப்போதுதான் வேலையை முடித்துவிட்டு பால்கனிக்குப் போனார். வீடு முழுக்க ஸ்பிரிட் வாசனை. இந்த ஒரு வரியிலேயே உனக்கு விஷயம் புரிந்திருக்கும், கோபமும் வந்திருக்கும்.

ஆமாம் அக்கா, அப்பா உன் பியானோவைத் துடைக்கிறார். தினமும்.

டெங்கு என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னிடம் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "ஏட்டி, நான் வார வரைக்கும் அப்பாவ பியானோ பக்கம் விட்ராத. பாட்டிலத் தூக்கிட்டு வந்துருவாக." அந்தக் காய்ச்சலிலும் உனக்குக் கிண்டல். நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன். நீ எனக்கு வைத்துவிட்டுப் போன கடைசி வேலை அதுதான்.

நீ எப்படித் துடைப்பாய் என்று எனக்கு மனப்பாடம். துணியை நனைத்துப் பிழிந்து, போதாது என்று இன்னொரு தடவை பிழிவாய். கட்டையின் பின்பக்கத்திலிருந்து உன்னை நோக்கி ஒரே இழுப்பு. பக்கவாட்டில் தேய்த்தால் ஈரம் இடுக்கில் இறங்கி மரம் ஊதிவிடும் என்பாய். ஈரம் காய்வதற்குள் உலர்ந்த துணி, கறுப்புக் கட்டைக்குத் தனித் துணி. வடை தின்ற கையோடு நான் கிட்டே வந்தால் முழங்கையாலேயே ஓர் இடி.

அப்பா ஒரு நாள் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக வந்து நின்றபோது, "அப்பா, இது உங்க சர்க்யூட் போர்டு இல்ல. பெயிண்ட் போயிரும்" என்று தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினாய். அவரும் முனகிக்கொண்டே போனார். ஃபேக்டரியில் டெஸ்டிங் செக்‌ஷனிலேயே தலை நரைத்த மனுஷன். சுத்தம் என்றால் அவருக்கு ஸ்பிரிட் மட்டும்தான்.

நீ போன பிறகு அப்பா படுக்கையைவிட்டு எழவில்லை. கொடுத்ததைத் தின்றார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். தீபாவளி நெருங்குகிற சமயம், ஒரு காலையில் ஹாலில் சத்தம் கேட்டு வந்து பார்த்தால், குளித்துச் சட்டை போட்டு நிற்கிறார். பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கிவைத்திருந்தார். "தூசி அடைஞ்சு கெடக்கு பிள்ள. அவ பாத்தா சத்தம் போடுவா" என்றார். நான் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும், நீயே சொல்லு.

ஒவ்வொரு கட்டையாக அழுத்தித் தேய்க்கிறார். தேய்த்து முடித்ததும் இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொன்றையும் ஒரு தட்டு தட்டி, ஃபேக்டரியில் மாதிரியே "ஓகே" சொல்லுகிறார். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டை போன மழையில் கீழே இறங்கியது, அப்புறம் மேலே வரவே இல்லை. அதற்கும் ஓகே. மயிரிழை கோணல் இருந்தால்கூட ரிஜெக்ட் என்று தூக்கிப்போட்டுவிட்டு வருவதாகப் பெருமையடித்த அப்பா இவர்தான். அந்த ஊமைக் கட்டைக்கு அவர் ஓகே சொன்ன அன்று பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வருவாரே, உன் டியூனர், அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருமுல்கேரியில் அந்த மிலிட்டரிக்காரர் வீட்டிலிருந்து இதை நாம் வாங்கியபோது கூட வந்தாரே, அவரேதான். வெள்ளைக் கட்டைகளில் மெல்லிய விரிசல் ஓடியிருக்கிறது. கறுப்பில் சாயம் போய், விரல் படுகிற இடத்தில் எல்லாம் வெறும் மரம் தெரிகிறது. "அங்கிள், ஸ்பிரிட் நக்கோ" என்றார் அவர், வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டி. இப்படியே போனால் கட்டை மொத்தமும் பாழ், நிறுத்தினால்தான் மேல்தகட்டைப் புதிதாக ஒட்டித் தர முடியும் என்றார். அப்பா "ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டினார். அப்பாவின் ஹவ் உனக்குத் தெரியாததா? காதுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. மறுநாள் காலையில் மறுபடி பாட்டில்.

நான் அதை எடுத்து அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். உனக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதே. அப்பா வந்து பியானோ மேலே பார்த்தார், கீழே பார்த்தார். போட்ட சட்டையைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். கொண்டுபோய் வைத்த காபி ஆடை கட்டிக் கிடந்தது. அடுத்த நாளும் எழவில்லை.

அம்மா அதுவரைக்கும் பியானோ இருக்கும் பக்கமே திரும்ப மாட்டாள். அன்றைக்கு நேரே அரிசி டிரம்மிடம் போய் பாட்டிலை எடுத்தாள். நான் ஒளித்ததைப் பார்த்திருக்கிறாள். "ஏட்டி, அவுகளுக்குக் காலையில எந்திரிக்க ஒண்ணு வேணும்லா. பியானோ போனாப் போட்டும், விடு" என்றாள். "அக்கா சொன்னாளேம்மா" என்றேன். "இப்ப சொல்லுததுக்கு அவ இருக்கணும்லா" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைப் பியானோ மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வருகிறது. அப்பாவைக் காப்பாற்று என்றாவது சொல்லியிருக்கலாம், பியானோவைக் காப்பாற்று என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி என் கையில் கொடுத்துவிட்டு ஆட்டோவில் போய்விட்டாய். உள்ளதைச் சொன்னால் அப்பாவும் தேறவில்லை. துடைத்து முடித்ததும் பால்கனியில் போய் உட்காருவார், அவ்வளவுதான் அவருக்கு அந்த நாள். ஒருத்தரோடும் பேச்சில்லை. துடைக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவர் அப்பாவாக இருக்கிறார்.

இந்தக் கட்டைகள் எவ்வளவு காலம் தாங்கும்? சாயம் முழுக்கப் போய், வெள்ளை எல்லாம் பெயர்ந்து விழுந்த பிறகு அவர் எதைத் துடைப்பார்? எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது.

பாட்டிலில் ஸ்பிரிட் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மூட்டுவலியோடு அப்பாவால் கடை வரைக்கும் நடக்க முடியாது. நேற்று சாப்பிடும்போது, "வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாயேன் பிள்ள" என்றார். நீ போனதிலிருந்து அவராக என்னிடம் கேட்ட ஒரே பொருள் அது. சரிப்பா என்றேன்.

அதனால் உனக்குக் கொடுத்த பழைய வாக்கு முடிந்தது, அக்கா. வேறொன்று தருகிறேன். அந்தப் பியானோவில் துடைக்க ஒரே ஒரு கட்டை மிச்சம் இருக்கும்வரை, பாட்டில் காலியாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். சத்தம் போடுவதென்றால் என்னைப் போடு. அப்பாவை ஒன்றும் சொல்லிவிடாதே.

ஸ்டூலின் இடது ஓரத்தில்,
உன்னிடம் இடி வாங்கியே வளர்ந்த தங்கச்சி