நண்டு கட்டும் நூல்

சுண்ணாம்புக்குளம்
10.2.2025

அன்புள்ள ஜைத்தூனுக்கு,

இங்கே நலம். நீயும் உம்மாவும் நலமா? போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் கம்பெனியில் நம்மோடு வேலை செய்கிற பெனிட்டாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை துபாயிலிருந்து நண்டு வாங்குகிறவர்கள் கம்பெனிக்கு வருகிறார்கள். முதல் மேசையில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி இருந்தால் நல்லது என்கிறார் மேனேஜர். ஒரே ஒரு நாள் வந்து உட்கார். ஹலாலுக்கு ஏதாவது ஓத வேண்டுமென்றாலும் சொல். நடந்ததை மனசில் வைத்துக்கொள்ளாதே.

உன் தோழி,
மோகனப்பிரியா
சூப்பர்வைசர்

பழவேற்காடு
11.2.2025

சூப்பர்வைசர் மோகனப்பிரியாவுக்கு,

உம்மா சுகம். வேலையை விட்டு அனுப்பி நாலு மாதம் கழித்து நலம் விசாரித்ததற்கு நன்றி.

நண்டுக்கு ஓத எதுவும் இல்லை. ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபனைப் பிடுங்கித் தின்றவளுக்கு இதுகூடத் தெரியவில்லை. உங்கள் மேனேஜரின் அறிவு துபாய் வரைக்கும் போகாது, எளாவூர் செக்போஸ்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முக்காட்டுக்கு மேல் முடி விழாமலிருக்கப் போடும் வலையையும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். நண்டுப் பெட்டியில் கிடந்த நீல நூல் என் முக்காட்டிலிருந்து விழுந்தது என்று நீ கையெழுத்துப் போட்டாய். அன்றைக்கு என் முக்காடும் நீலம், அது போதும் உங்களுக்கு. தினமும் முந்நூறு நண்டுக்குக் கொடுக்கு கட்டியவள் நீ. கட்டுகிற நூலும் நீலம்தான் என்று உனக்குத் தெரியாதா? சூப்பர்வைசர் வேலை எனக்கு வரவிருந்தது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

அது நண்டு கட்டும் நூல்தான் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் பலகையில் ஒட்டு. ஒரு நாள் என்ன, தினமும் வருகிறேன்.

ஜைத்தூன்

சுண்ணாம்புக்குளம்
14.2.2025

அன்புள்ள ஜைத்தூன்,

அப்படி எழுதினால் என் வேலை போய்விடும்டி. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்?

நீ வராததால், பெருநாளுக்கு நீ எனக்குக் கொடுத்த பச்சைத் துப்பட்டாவைப் பெனிட்டாவின் தலையில் போட்டு உட்காரவைத்தோம். வந்தவர் ஒரு பெண். தலையில் துணியே இல்லை. பெனிட்டாவைப் பார்த்து சலாம் சொன்னார். இவள் பதறி எழுந்து "ஸ்தோத்திரம்மா" என்றுவிட்டாள்.

அவர் நண்டுகளை அமுக்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் தண்ணி நண்டு, ஓட்டுக்குள் சதையே இல்லை. உன் விரல் பட்டால் ஒன்று தப்புமா? ஆர்டர் கொடுக்காமல் போய்விட்டார். "அந்தப் பொண்ண கூட்டினு வா, இல்லனா நீயும் கெளம்பு"னு மேனேஜர் கத்துகிறார். வந்துவிடு. முக்காட்டைப் பற்றி இனி யாரும் பேசமாட்டோம்.

உன்
பிரியா

பழவேற்காடு
16.2.2025

மோகனப்பிரியாவுக்கு,

பெனிட்டா துப்பட்டாவை என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அழுதாள். "எனக்கே அசிங்கமா கீதுக்கா" என்றாள். உங்கள் கம்பெனியில் வெட்கம் உள்ளவள் அவள் ஒருத்திதான்.

நாளையிலிருந்து எளாவூரில் வேறொரு கம்பெனியில் நண்டு பார்க்கிறேன். என் தலையைப் பற்றி அவர்கள் எதுவும் கேட்கவில்லை. பத்து நண்டைக் கொடுத்து அமுக்கிப் பார்க்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

பெருநாளுக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்குவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. துவைத்து அனுப்பியிருக்கிறேன். அதன் முனையில் இரண்டு நூல் முடிந்திருக்கிறேன். ஒன்று நண்டு கட்டுவது, இன்னொன்று என் நீல முக்காட்டிலிருந்து உருவியது. வெளிச்சத்தில் வைத்துப் பார்.

எது எதுவென்று எனக்கு எழுத வேண்டாம். கையெழுத்துப் போட்ட அன்றைக்கே உனக்குத் தெரியும்.

ஜைத்தூன்