சர்க்கரை இல்லாத காப்பியும் மோர்ஸ் பரீட்சையும்

விளாங்குடி, மதுரை
2-2-1982

அன்பு மகள் அன்னக்கொடிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் கொல்லை முருங்கையும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீ சுகமாகவும் உன் இருமல் சுகமில்லாமலும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். பாங்கியில் கையுறை போட்டுக்கொண்டு பேனா பிடிப்பதாக எழுதியிருந்தாய். ஷில்லாங் குளிரை இங்கே பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு அக்காவிடம் சொன்னேன், அப்படியானால் பாலை உறையவைக்க மோரே வேண்டாமே என்கிறாள். இரண்டு மாதமாக நான் கடிதம் போடவில்லை என்று கோபத்தில் இருப்பாய். என்னிடம் ஒரு ரகசியம் இருந்தது, அதை விட்டுவிட்டு உனக்கு நாலு வரி எழுத என்னால் முடியவில்லை. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது, அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். அடுப்பில் பருப்பு வேகிறது, கையெழுத்து ஓடினால் பொறுத்துக்கொள். நாலைந்து நாளாகவே எனக்குச் சும்மா சும்மா சிரிப்பு வந்துகொண்டிருக்கிறது.

நீ அங்கே வேலைக்குப் போன வருஷமே வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசுகிற அந்த ரேடியோ டிரான்ஸ்மிட்டரை அப்பா கட்டி முடித்துவிட்டார் என்பது உனக்குத் தெரியும். காளவாசல் கடைக்கு வருகிற செத்த ரேடியோவையெல்லாம் பேச வைக்கிற மனிதர், தன்னுடையதை மட்டும் பேச வைக்க முடியாமல் என் பழைய பட்டுத்துண்டால் மூடிவைத்து, வெள்ளிக்கிழமை தோறும் தூசி தட்டுகிறார். லைசென்ஸ் இல்லாமல் சுவிட்சைப் போடக்கூடாது, லைசென்ஸுக்குப் பரீட்சை, பரீட்சையில் மோர்ஸ். மின்சாரக் கேள்விகளில் அவரை யாரும் அசைக்க முடியாது. ஆனால் அதிகாரி ஐந்து நிமிடம் புள்ளியும் கோடுமாக ஒலி அனுப்புவார், அதைக் காதால் கேட்டு எழுத்தாக எழுத வேண்டும், ஐந்து தப்புக்கு மேல் போனால் வீட்டுக்கு. அப்பா மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். மெட்ராஸ் போய்வந்த களைப்பு என்று சொல்லி அன்றைக்கெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், நானும் களைப்பு என்றே நம்புகிற மாதிரி இருந்துவிடுவேன்.

அவருக்குப் பயிற்சிக்கு யாராவது எதிரில் உட்கார்ந்து புள்ளி கோடு அனுப்பும் கீயைத் தட்ட வேண்டும். வேறு யார் இருக்கிறார்கள். சாயங்காலம் காப்பி குடித்த கையோடு என்னை உட்கார வைப்பார். எனக்கு மோர்ஸ் தெரியாது என்பதால் ஒரு தாளில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே புள்ளியும் கோடும் போட்டுக் கொடுப்பார், நான் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி அதைப் பார்த்துத் தட்டிக்கொண்டு போவேன். இப்படி இரண்டு வருஷம். அவர் காதில் ஏறவில்லை. என் காதில் ஏறிவிட்டது. நாலாம் மாதமே நான் அந்தப் புள்ளி கோட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், எழுத்தைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நானே என்னைக் கேட்டுக்கொண்டேன். ஒருவர் எதிரில் அவருக்கு வராததை எனக்கு வருகிறது என்று எப்படிச் சொல்வது, எந்த நேரத்தில், எந்தக் குரலில் என்று தெரியாமல் ஒரு மழைக்காலம் போயிற்று, அப்புறம் இன்னொன்று.

இதற்கிடையில் அப்பாவைப் போன்ற வீட்டு ரேடியோக்காரர்களின் ஹாம் கிளப்பில் சண்டை. தவசி அண்ணன் டைப் இன்ஸ்டிடியூட் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுகிறார்களே, அந்த இருபது பேரும் இரண்டாகப் பிரிந்தார்கள். பக்கத்து ஊருக்குள் வாயால் பேசிக்கொள்ளும் அலைவரிசைக்காவது மோர்ஸ் இல்லாமல் லைசென்ஸ் கொடுங்கள், ஜப்பானில் கொடுக்கவில்லையா என்று சர்க்காருக்கு மனுப் போட வேண்டும் என்பது அப்பா கட்சி. மோர்ஸ் இல்லாதவன் ஹாமே இல்லை என்பது வெள்ளைத்துரை அண்ணன் கட்சி. அவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர் அல்லவா, புயலில் பேச்சுக்குரல் கரைந்துபோகும், புள்ளி கோடு மட்டும் நிற்கும் என்பார். அப்பா இங்கிலீஷில் மனு எழுதி, இலக்கணம் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார். மூன்றாவது பாராவில் நான் இருந்தேன். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்த என் மனைவி இந்த ஒலியைத் தினமும் வீட்டில் கேட்டும் ஓர் எழுத்தைக்கூட அடையாளம் காண முடியாதவளாக இருக்கிறாள், அப்படியானால் சாமானியர் நிலை என்ன என்று இருந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு வினைச்சொல் தப்பு. அதைத் திருத்தினேன். திருத்திவிட்டு அடுக்களைக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன் அன்னம், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும்.

அந்த வாரமே மாட்டிக்கொண்டேன். வெள்ளைத்துரை அண்ணன் வந்திருந்தார், கட்சி வேறானாலும் காப்பிக்கு வருவார். அப்பா சட்டை மாற்ற உள்ளே போனபோது அவர் சும்மா இருக்காமல் கீயைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் காப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்தவர் டம்ளரைக் கீழே வைத்து என்னையே பார்த்தார். “தங்கச்சி, டாக்டர் சீனிய நிறுத்தச் சொன்னது முந்தாநேத்து. நான் வாயத் தொறந்து சொல்லவே இல்லையே. கீயிலதான தட்டுனேன்” என்றார். நான் சர்க்கரை வேண்டாம் என்று யார் சொன்னார்கள் என்று யோசிக்கவேயில்லை, கேட்டது, போடவில்லை, அவ்வளவுதான். அப்பா வருவதற்குள் அவர் குரலைத் தாழ்த்தி, நாளைக்கே விண்ணப்பம் கொண்டுவாரேன், என் விலாசமே போடுவோம், மாப்ளைக்கு மூச்சு விடாதீங்க என்று முடித்துவிட்டார்.

நவம்பரில் அப்பா நாலாவது தடவையாகப் போனார். தாம்பரத்தில் சோணையம்மாள் சித்தியைப் பார்க்க வேண்டும் என்று நானும் ஒட்டிக்கொண்டேன். பரீட்சை அன்று அவர் காலையிலேயே கிளம்ப, நான் சித்தியிடம் சாப்பாட்டுக் கேரியர் வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் போனேன். அதிகாரி வாசலில் என் பெயரைச் சரிபார்த்து அனுப்ப, நான் உள்ளே நுழைந்ததும் முன்வரிசையிலிருந்து அப்பா திரும்பி, “கேரியர வாசல்ல வச்சிட்டுப் போ, ஒரு மணிக்குத்தான் விடுவாக” என்று கிசுகிசுத்தார். நான் கேரியரை பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், நான் பார்க்கவில்லை, எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

ஒலி தொடங்கியது. எனக்கு அது பரீட்சை மாதிரியே இல்லை, சாயங்காலக் காப்பி மணம்கூட வந்தது. எழுதிக்கொண்டே போனேன். பாதியில் முன்வரிசையில் ஒரு பென்சில் நின்றது. அத்தனை பென்சில் சத்தத்தில் அவருடையது நின்றது எனக்குக் கேட்டது. ஒரு எழுத்தை விட்டால் அதையே நினைத்து அடுத்த நாலையும் விடுவார், அது எனக்குத்தான் தெரியும். அந்த நொடியில் எனக்கும் ஒன்று போயிற்று. மொத்தம் இரண்டு தப்பு செய்தேன், அதில் ஒன்று அவருக்காக.

திரும்புகிற வைகை எக்ஸ்பிரஸில் விழுப்புரம் வந்தது, விருத்தாசலம் வந்தது, அவர் டிக்கெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் கோபப்பட்டுப் பார்த்திருக்கிறேன், சிறுத்துப்போய்ப் பார்த்ததில்லை, அதற்கு நானே காரணமாகிவிட்டேனோ என்று ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருந்தேன். திருச்சியில் இறங்கி இரண்டு டீ வாங்கிவந்தார். என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, “அந்த வினைச்சொல்ல மட்டும் திருத்திக் குடுத்தியே, எம்புட்டு நெஞ்சழுத்தம்டி ஒனக்கு” என்றார். என்றவர் சிரிக்க ஆரம்பித்தார். டீ அவர் வேட்டியில் பாதி, என் சேலையில் பாதி. எதிர் சீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

போன மாதம் ரிசல்ட் வெள்ளைத்துரை அண்ணன் வீட்டுக்கு வந்தது. மனுஷர் வந்து கதவைத் தட்டினாரா என்றால் இல்லை. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஹார்னை நீட்டியும் குறைத்தும் அடிக்கிறார், காலை ஒன்பது மணிக்கு. தங்கப்பொண்ணு அக்கா வெளியே வந்து, “அண்ணே, ஹார்ன் மாட்டிக்கிருச்சா?” என்று கேட்கிறாள். நான் சட்டியும் கையுமாக நிற்கிறேன். அப்போது குளியலறையிலிருந்து அப்பா குரல், “பாஸ்! பாஸ்னு அடிக்கிறாரு! யாருக்கு?” என்று. எனக்கு ரிசல்ட்டே மறந்துவிட்டது அன்னம். பென்சில் இல்லாமல், தாள் இல்லாமல், தலையெல்லாம் சோப்போடு, அவர் ஒரு முழு வார்த்தையைக் காதால் பிடித்துவிட்டார். பாஸானது எனக்குத்தான், அவருக்கு இந்தத் தடவையும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் சுவரைப் பார்த்துப் படுக்கவில்லை.

முந்தாநாள் ஞாயிறு கிளப் கூட்டம், மனுவுக்கு ஓட்டு. வெள்ளைத்துரை அண்ணன் என்னைக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தி, “பாருங்கப்பா, அடுப்படியில இருந்துக்கிட்டே பாஸ் பண்ணிருக்கு. ஒங்களுக்கு என்ன கேடு?” என்றார். உடனே தவசி அண்ணன், அவுக பௌதிகம் படிச்சவுக, அவுகளும் நாமளும் ஒண்ணா என்றார். இதே தவசி அண்ணன்தான், பௌதிகம் படித்தவளுக்கே வரவில்லை என்கிற மனுவை டைப் அடித்தவர். இரண்டு கட்சிக்கும் நான்தான் சாட்சி, என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை. அதனால் கேட்காமலே பேசினேன். நான் பாஸானது என் படிப்பால் இல்லை, எதிரில் ஒருவர் இரண்டு வருஷம் விடாமல் உட்கார்ந்ததால். எனக்கு ஒரு ஃபியூஸ் கம்பி மாற்றக் கை நடுங்கும், ஆனால் சட்டப்படி நாளைக்கு நான் அந்த டிரான்ஸ்மிட்டரை இயக்கலாம், அதைக் கட்டியவர் தொடக்கூடாது. தூரதேசம் பேசுகிறவர்களுக்கு மோர்ஸ் இருக்கட்டும், அண்ணன் சொன்ன புயலும் உண்மை, எனக்கே அது பிடித்துப்போய்விட்டது. இங்கேயிருந்து மேலூருக்குப் பேச எதற்கு என்றேன். என்னுடையதையும் சேர்த்து மனுவுக்குப் பன்னிரண்டு ஓட்டு, எதிர்த்து ஒன்பது. முதல் கையெழுத்து நான் போட வேண்டும் என்றார்கள். வெள்ளைத்துரை அண்ணன், கையெழுத்துப் போட மாட்டேன், ஆனா தபால்ல நானே சேர்த்துர்றேன் என்று வாங்கிக்கொண்டார். மூன்றாவது பாராவை அப்பாவே மாற்றி எழுதியிருந்தார்: என் மனைவி தேறிவிட்டார், நான் தேறவில்லை, நான் கட்டியதை அவர் இயக்குவார். இங்கிலீஷில் ஒரு தப்புகூட இல்லை.

மனு என்ன ஆகுமோ தெரியாது. லைசென்ஸ் கைக்கு வந்ததும் சுவிட்சைப் போடுவேன், உங்களுக்காகக் காத்திருக்க மாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவரும் காத்திருக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் இரண்டாவது கீ ஒன்று பொருத்திக்கொண்டிருக்கிறார். இப்போது சாயங்காலம் நான் தட்டும்போது பென்சிலைப் பிடுங்கி வைத்துவிடுகிறேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்.

இரவில் மிளகுப்பால் குடி, கம்பளிச் சட்டையைத் துவைத்ததும் நன்றாகக் காய்ந்த பிறகு போடு, சித்திரைக்கு வர இப்போதே லீவு எழுதிக்கொடு, மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் நல்ல காதும் நல்ல மனசுமாக நூறு வருஷம் இருக்க வேண்டும். கீழே இடம் விடச் சொல்லி அப்பா உனக்குப் புள்ளியும் கோடுமாக ஒரு வரி எழுதியிருக்கிறார், பார்த்துப் படிக்க அட்டவணையும் வைத்திருக்கிறேன். அப்பாவின் வரியில் ஒரு எழுத்து தப்பு. நான் திருத்தவில்லை.

உன் அன்பு அம்மா,
சோலையம்மாள்