வெயில் விபத்தில் சேராதாம்

நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் சூறைக்காற்று அடித்தது, தம்பி. காலையில் தோட்டத்துக்குப் போனேன். ஒடிந்த வாழைகளிலிருந்து வடிகிற சாற்றின் துவர்ப்பு வாசனை வரப்பிலேயே முகத்தில் மோதியது. இன்னும் கொஞ்ச நாளில் வெட்டவேண்டிய தார்கள் மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தன. எங்கள் வீட்டுக்காரர் மோட்டார் ரூம் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் ஞாபகம் வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

முதன்முதலில் நீங்கள் இங்கே வந்ததும் இதே வாசனைக்கு நடுவில்தான். காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதம் பார்த்து எழுதும் ஆள் நீங்கள். அதற்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் வண்டியை விட்டு இறங்காமலே ஒரு படம் பிடித்துக்கொண்டு போனவர்கள். நீங்களும் அப்படித்தான் என்று நினைத்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏனுங்க, வரப்புல நின்னே எழுதிட்டுப் போயிருவீங்களாட்ட இருக்குது? பிரீமியம் வாங்கறப்ப மட்டும் ஊடு தேடி வாரீங்க!"

நீங்கள் பேண்ட்டை முழங்காலுக்கு மடித்துவிட்டுக்கொண்டீர்கள். "நீங்க திட்டுறதைத் திட்டிக்கிட்டே இருங்கக்கா. அதுக்குள்ள நான் ஒரு சுத்து பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சேற்றுக்குள் இறங்கினீர்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. எங்கள் ஊர் 'ங்க' அதில் இல்லை. ஆனால் மரியாதை இருந்தது. தோட்டத்தின் கடைசி மூலைவரை போய், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்தீர்கள். சட்டையெல்லாம் வாழைக்கறை.

எழுதி அனுப்பியதும் உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்தது. ஏன் சேதத்தை இவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று மேலதிகாரி கத்தியது எனக்கே கேட்டது. காற்றை அளக்கும் கருவி அன்றைக்குப் பெரிய காற்று எதையும் காட்டவில்லையாம். அந்தக் கருவி இருப்பது எங்கள் ஆற்றங்கரைத் தோட்டத்தை விட்டு எவ்வளவோ தள்ளி, ஒரு கட்டிடத்தின் மறைவில்.

"சார், நீங்களே வந்து பாருங்க. விழுந்து கிடக்கிற மரத்துல ஒண்ணு எழுந்து நின்னாக்கூட நான் குறைச்சுப் போட்டுடறேன்" என்றீர்கள், குரலை உயர்த்தாமல்.

நான் சிரித்துவிட்டேன். வாழை போன துக்கத்துக்கு நடுவே வந்த சிரிப்பு அது. அன்றைக்கு மோர் கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டீர்கள். அதற்கப்புறம் ஜேடர்பாளையம் பக்கம் எந்த ஊருக்கு வந்தாலும் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. உங்கள் மகள் போனில் என்னை 'மோர் அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு உங்களோடு பேசுவது பிடிக்கும். சித்திரையில் அடிக்கவேண்டிய காற்று இப்போது எந்த மாதத்திலும் அடிக்கிறது, ஒரு மாதத்து மழை ஒரே மத்தியானத்தில் கொட்டிவிட்டுப் போகிறது என்று அவர் புலம்புவார். நீங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். "பழைய காலத்து மழையை வச்சுக் கணக்குப் போட்டுப் புதுக் காலத்துக்குப் பாலிசி எழுதறாங்கண்ணே. அதான் உங்களுக்கும் பொருந்தல, எங்களுக்கும் பொருந்தல" என்பீர்கள்.

அப்படி ஒருநாள்தான் நான் கேட்டேன், "உங்களுக்குப் பாலிசி போட்டிருக்கறாங்களா தம்பி? இந்த வெயில்ல இப்படிச் சுத்தறீங்களே" என்று.

நீங்கள் சிரித்தீர்கள். "வாழைக்குப் போடுவாங்க, மாட்டுக்குப் போடுவாங்க. எங்களுக்கு எதுக்கு? நாங்க கம்பெனி ஆளே இல்லக்கா. காண்ட்ராக்ட்காரர் அனுப்பற ஆளு. எழுதிக் கேட்டிருக்கேன், பதிலே வரல."

போன கோடையில் மழை பொய்த்து, மேட்டுக்காட்டுப் பயிரெல்லாம் காய்ந்தது. சங்ககிரிப் பக்கத்து ஊர்களில் மரவள்ளிக் காடுகளைப் பார்த்து எழுத உங்களை அனுப்பினார்கள். போகிற வழியில் காலையில் இங்கே வந்தீர்கள். மத்தியானம் யாரும் வெளியே வரவேண்டாம் என்று அரசாங்கமே எச்சரிக்கை கொடுத்திருந்த நாள் அது. டவுன் பஸ்ஸில்கூடக் கூட்டமில்லை.

"வெயில் தாழப் போலாமுங்க தம்பி. இங்கயே சித்த நேரம் படுங்க."

"படமெல்லாம் இன்னைக்கே ஏத்தணும்க்கா. இல்லன்னா அந்த ஊருக்கே சேதம் இல்லைன்னு முடிச்சுடுவாங்க. பாவம், அவங்களும் காத்துக்கிட்டு இருக்காங்க."

ஈரத்துண்டைத் தலையில் போட்டு அதன்மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

மத்தியானத்துக்கு மேல் உங்கள் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது நீங்கள் அல்ல, அந்த மரவள்ளிக் காட்டுக்காரர். கடைசியாக நீங்கள் பேசிய நம்பர் என்னுடையதாம். "அம்மணி, இவரு பாதிக் காட்டுல சுருண்டு உழுந்துட்டாருங்க. ஒடம்பு தோசைக்கல்லாட்டச் சுடுது" என்று அழுதார். தண்ணீர் தெளித்து, சரக்கு வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நானும் எங்கள் வீட்டுக்காரரும் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் மனைவி ஆத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்துகொண்டிருந்தாள். அவள் வரும்வரை உங்கள் பக்கத்தில் இருந்தது நாங்களும் அந்த மரவள்ளிக் காட்டுக்காரரும்தான். உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு ஆள்கூட வரவில்லை. ஒரு போன் வந்தது, எடுத்த படங்கள் ஏற்றப்பட்டுவிட்டனவா என்று கேட்டு. போனை நான்தான் எடுத்தேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

காரியம் முடிந்த பிறகு உங்கள் மனைவியோடு சேலத்து ஆபீசுக்குப் போனேன். குளிர்சாதன அறை. எதிரே உட்கார்ந்திருந்தவர் கெட்டவர்போல் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. ஆனா அவர் எங்க ஊழியர் கிடையாது. அப்படியே இருந்தாலும் விபத்துன்னா வண்டி மோதணும், கரண்ட் அடிக்கணும், பாம்பு கடிக்கணும். வெயில் அதுல சேராது. டாக்டரும் இதயம் நின்னு போச்சுன்னுதான் எழுதியிருக்கார். அது இயற்கை மரணம்."

"செத்த எல்லாருக்கும் கடைசியில இதயந்தானுங்க நிக்கும். எதனால நின்னுதுன்னு கேக்கமாட்டீங்களா?"

அவர் ஃபைலை மூடி மேசை ஓரமாகத் தள்ளினார். உங்கள் மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அங்கே சுவர் முழுக்க விளம்பரம். மாறிவரும் பருவநிலையில் விவசாயிக்குத் துணை நிற்கிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பயிர் வாடினால் பருவநிலை மாற்றம். அந்த வாடிய பயிரை எண்ண வந்தவன் அதே வெயிலில் அதே காட்டில் விழுந்தால் இயற்கை மரணம். செடிக்கு ஒரு வெயில், மனுசனுக்கு வேறொரு வெயிலா? காண்ட்ராக்ட்காரரைக் கேட்டால், பார்த்து முடித்த காட்டுக்குக் கூலி கொடுத்தோம், எங்கள் வேலை அவ்வளவுதான் என்றார். ஆளை அனுப்பும்போது இருந்த இரண்டு முதலாளிகளும், ஆள் விழுந்ததும் காணாமல் போனார்கள்.

தொழிலாளர் அதிகாரியிடம் வழக்குப் போட்டோம். விசாரணைக்கு யார் வருவார்கள் என்று எனக்குக் கவலைதான். நடவு நேரம் வேறு. ஆனால் அன்றைக்குக் காலை ஆபீஸ் வாசலில் இறங்கினால், நீங்கள் நடந்து பார்த்த காடுகளின் சொந்தக்காரர்கள் வேப்பமர நிழலில் கும்பலாக நின்றிருந்தார்கள். தோட்ட வேலைக்கு வரும் பெண்களும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எங்க ஊட்டு ஓடு பறந்தப்ப, அது அவரு வேலையில்லீனாலும் நிவாரணத்துக்கு மனு எழுதிக் கொடுத்தாருங்க" என்றாள். எனக்கு அதுவரை அது தெரியாது.

கம்பெனி வக்கீல் என்னை நிறுத்திக் கேட்டார், "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?"

"எங்க காட்டுக்குள்ள எறங்கிப் பாத்தவருங்க. உங்க கம்பெனியில வேற யாரும் எறங்கல."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. மத்தியானம் போகச் சொல்லி அவரை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இன்னைக்கே படம் ஏத்தலீனா ஒரு ஊருக்கே சேதமில்லைன்னு எழுதீருவோம்னு சொன்னா, அது கட்டாயமில்லாம என்னங்க?"

அதிகாரி அதை அப்படியே எழுதச் சொன்னார். தீர்ப்பு நம் பக்கம்தான் வந்தது. நீங்கள் வேலையில் இருக்கும்போது, வேலையின் காரணமாகவே இறந்தீர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. உங்கள் மனைவி அந்த வரியை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கம்பெனி சென்னைக்கு மேல்முறையீடு போயிருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் போகவேண்டிய நஷ்டஈடு அங்கேயே முடங்கிக் கிடக்கிறது. ஒரு பெரிய நிறுவனம், ஒரு தையல் மெஷினை வைத்துக்கொண்டு பிள்ளையைப் படிக்க வைப்பவளோடு மல்லுக்கு நிற்கிறது. உங்களுக்குக் கொடுத்தால் இனி வெயிலில் அனுப்பும் எல்லாருக்கும் கொடுக்கவேண்டி வரும் என்ற பயம். அதைத்தானே அவர்கள் முதலிலேயே செய்திருக்கவேண்டும்? இனிமேல் வரும் கோடைகள் போன கோடையைவிடக் கடுமையாக இருக்கும் என்று அவர்களே கூட்டம் போட்டுச் சொல்கிறார்கள். அதைச் சொல்லித்தான் பாலிசியும் விற்கிறார்கள்.

இன்று பத்து மணிக்கு மேல் புது ஆள் வந்தார். உங்களைவிட இளையவர். புது மாப்பிள்ளையாம். மிச்சமிருக்கும் காடுகளையும் மத்தியானத்துக்குள் முடிக்கவேண்டும் என்று பறந்தார். நான் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"அக்கா, எனக்குத் திட்டு விழும்."

"உழட்டும். போனைப் போட்டுக் குடுங்க, நானே பேசறேன்."

போட்டுக் கொடுத்தார். மறுமுனையில் இருந்தவரிடம், வெயில் இறங்கும்வரை வந்த ஆள் எங்கள் வீட்டில்தான் இருப்பார், இந்தப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் யாரும் அதற்குமுன் சேதக் காகிதத்தில் கையெழுத்துப் போடமாட்டார்கள் என்று சொன்னேன். விதிமுறை அது இது என்று அவர் இழுத்தார். உங்கள் பெயரைச் சொன்னேன். சரி, சாயங்காலமே எழுதட்டும் என்று போனை வைத்துவிட்டார். அவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கிறது, தம்பி.

இதை எழுதும்போது அந்தப் பையன் உள்ளே கட்டிலில் தூங்குகிறார். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு ஈரச்சாக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார். சென்னையில் வாய்தா வந்தால் உங்கள் மனைவியோடு நானும் போகிறேன். இத்தனை நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லையா என்று ஊரில் கேட்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் சிரித்துக்கொண்டே, போதும் விடுங்கக்கா என்றுதான் சொல்லியிருப்பீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன்.