வேலாயுதம் இல்லத்தின் கடைசிப் பாகம்

நீர்வேலி தெற்கு
புதன்கிழமை

அன்பு மகள் வினோஜாவுக்கு,

நீ சுகமாயிருக்கிறாய் என்பது போனில் முகத்தைப் பார்க்கத் தெரிகிறதுதான், என்றாலும் கடிதம் என்று தொடங்கினால் முறைக்குக் கேட்க வேண்டும், சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த இருமல் விட்டதா. இங்கே பிள்ளையார் காவலில் நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் நோ மட்டும் அவரைப் போலவே சொல்வழி கேளாது. தினமும் போனில் கதைக்கிற அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்துக் கதிரையிலிருந்து தலையை நீட்டுவார், இந்தச் சங்கதியை அவருடைய தலை இல்லாமல் நான் முழுதாகச் சொல்ல வேண்டும். முன்வீட்டு றெஜி வெள்ளிக்கிழமை மெல்பேர்ணுக்குத் திரும்புகிறான், அவனிடம் உனக்கு மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பருத்தித்துறை வடையும் கொடுத்துவிடுகிறேன், இதையும் அதற்குள் வைக்கிறேன். வடையைத் தின்றுகொண்டே படி. அம்மா வென்றுவிட்டேன் பிள்ளை. இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, ஊரே பார்த்திருக்க வென்றுவிட்டேன்.

வேலாயுதம் இல்லம் என்ற நாடகம் உனக்குப் பேரளவில்தான் தெரியும், நீ பிறந்த வருஷம்தான் அது முடிந்தது. சமாதான காலம், பாதை திறந்த புதிது, பின்னேரம் ஆறரை மணி என்றால் ஊரில் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. அதை எடுத்தவர்கள் போன தைப்பொங்கல் முடிந்த கையோடு யூரியூப்பில் நாளுக்கு ஒரு பாகமாகப் போடத் தொடங்கினார்கள். முத்துக்குமாரு அண்ணை, சனசமூக நிலையத் தலைவர், ஞாயிறு பின்னேரம் நிலையத்துப் பெரிய ரிவியில் ஏழு பாகத்தையும் சேர்த்துப் போடுவோம் என்றார். முதல் ஞாயிறு பன்னிரண்டு பேர், போகப் போகக் கதிரை காணாது. பார்க்கிற நேரத்தை விடச் சண்டை பிடிக்கிற நேரம்தான் கூட. நாகேஸ்வரி அக்காவுக்குச் சமையற்காரக் கோவிந்தன்தான் உயிர், அவன் கோபித்துக்கொண்டு மூன்று நாள் குசினியைப் பூட்டி வைக்க வீடே பாணும் சம்பலும் தின்கிற பாகத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை என்பா. முத்துக்குமாரு அண்ணை காணி அளக்கிற அந்த ஆறு பாகங்களையும்தான் நாடகம் என்று சொல்லுவார், மற்றதெல்லாம் அழுகை என்பார். அப்பாவின் ஆசைத் தங்கை, உன் உதயகலா மாமி, வேறு யார், இரண்டாவது மருமகள் ரேவதியின் கட்சி, ரேவதியின் சீலைகளைக் கூட வரிசையாகச் சொல்லுவா. நான் எப்போதும் மூத்த மருமகள் சௌந்தரத்தின் ஆள். நான் வாயைத் திறந்தால் மாமி சிரிப்பா, அவ சிரித்தால் மற்றவர்களும் சிரிப்பார்கள். ஏன் என்று உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதைத்தான் எழுதுகிறேன்.

கடைசிப் பாகம் போன அன்று நான் ஆஸ்பத்திரியில். நீ பின்னேரம் மூன்று மணிக்குப் பிறந்தாய். மத்தியானம் என்னைப் பார்க்க வந்த அப்பாவை, இன்றைக்குப் பிறக்காது, நாளைக்கு வாருங்கள் என்று தாதிமார் அனுப்பிவிட்டார்கள், அந்த நாளில் எங்களிடம் போன் ஏது, உனக்கு அப்பாவானது அவருக்கு அடுத்த நாள் காலைதான் தெரியும். பிள்ளைப்பேற்று வாட்டின் கடைசியில் தாதிமாரின் மேசைக்கு மேலே ஒரு சின்ன ரிவி. ஆறரைக்கு ஒரு தாதி சத்தத்தைக் கூட்டினா. உன்னை நெஞ்சில் அணைத்தபடி ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நான் முழுதாகப் பார்த்தேன். சௌந்தரம் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்க் காரில் ஏறுகிறாள். யார் காலிலும் விழவில்லை. மாமியார் கனகம்மா மருந்துப் பெட்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, தானும் காரில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறா. மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று அவ இறங்கப் பார்க்க, சௌந்தரம் தன் கைப்பையைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கிறாள். மாமியார் தன்னோடு வருவா என்று அவளுக்கு முதலே தெரியும், பார். அதோடு நாடகம் முடிந்தது.

ஐந்தாம் நாள் உன்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் ஊரில் வேறு முடிவு. சௌந்தரம் மாமியாரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாளாம், கனகம்மா அவளைத் தூக்கி நிறுத்திச் சாவிக்கொத்தைத் திருப்பி இடுப்பில் செருகினாவாம். நான் கண்டதைச் சொன்னேன். பிள்ளை பார்க்க வந்திருந்த அவ்வளவு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எந்த மாமியார் மருமகளோடு வீட்டை விட்டுப் போவா, பிள்ளை பெற்ற மயக்கம், ஊசி மருந்து, என்றார்கள். உரும்பிராயில் ஒருத்தியும் நான் சொன்ன மாதிரியே சொன்னாளாம், அதற்கு இவர்கள், இந்தியாவில் இரண்டு முடிவு எடுத்தவர்கள் என்று ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்கள். அன்று பிடித்தது சனி. கிணற்று மோட்டர் கருகி மணக்கிறது என்று சொன்னேன், பத்மாவுக்கு மயக்கம் என்றார்கள், இரண்டாம் நாள் மோட்டர் எரிந்தது. உன்னை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பலாம், நீ தனியச் சமாளிப்பாய் என்று சபையில் சொன்னேன், மச்சாளுக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை என்றா உன் மாமி. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் தட்டிவிட்டேன், அவர் சிரித்ததுதான் எனக்குச் சுட்டது. பிறகு பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது பிள்ளை. தனிய இருக்கும்போது யோசிப்பேன், உண்மையிலேயே மயக்கத்தில்தான் கண்டேனோ, கண்ணாடி, கைப்பை எல்லாம் நானாகக் கட்டினதோ என்று. கண்ணால் கண்டதையே நம்பாமல் ஒரு மனுசி எத்தனை வருஷம் சீவிக்கிறது.

அதனால் போன ஞாயிறு கடைசிப் பாகம் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் சொன்னது பிழையாய்ப் போனால் செத்தாலும் பாடையில் வைத்து மயக்கம் என்பார்கள். அப்பா வேறு அந்தக் கிழமை முழுக்க, உதில் பார்க்க என்ன இருக்கிறது, எனக்கு முழங்கால் நோகிறது, நீரும் வீட்டில் நில்லும் என்று அரித்துக்கொண்டிருந்தார். நான் நல்ல சீலையாகப் பார்த்து உடுத்துக்கொண்டு போனேன், அவரும் பின்னாலே நொண்டிக்கொண்டு வந்தார். நிலையம் நிறைந்து யன்னலிலும் ஆட்கள். முத்துக்குமாரு அண்ணை போடுவதற்கு முதல் ஒரு பகிடி விட்டார், ஊர் முடிவை நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். ஏறக்குறைய எல்லாக் கையும் மேலே. பத்மாவதியின் முடிவை நம்புகிறவர்கள் என்றார். நான் மட்டும் தூக்கினேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தும் இறக்கவில்லை. அப்பா இரண்டுக்கும் தூக்கவில்லை, முழங்காலைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

சாவிக்கொத்து மேசையில் விழுந்தது. சௌந்தரம் நடந்தாள். மாமியாரின் கால் தெரிகிறது, காலில் விழுவாள் விழுவாள் என்று எல்லாரும் பார்க்கிறார்கள், அவள் கார்க் கதவைத் திறக்கிறாள். பிறகு மருந்துப் பெட்டியோடு கனகம்மா வந்தா. கனகம்மா காரில் ஏறினா, முகத்தைத் தடவினா, இறங்கப் பார்த்தா, சௌந்தரம் கைப்பையைத் திறந்தாள். நாகேஸ்வரி அக்கா எழும்பி நின்று, கண்ணாடி, பத்மா சொன்ன கண்ணாடி என்று கத்தினா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்போதும் உன் மாமி விட்டாவா, இது அந்த இரண்டாவது முடிவாக்கும், எங்கடை அண்ணை சொன்ன முடிவு வேறு, அவர் பார்த்தவரல்லோ என்றா. அப்போதுதான் அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“உதயம், பேசாமல் இரு. உவ மயக்கத்திலை கண்டவ இல்லை, கண்ணாலை கண்டவ. காணாமல் சொன்னவன் நான்.”

நடந்தது இதுதான். அந்தப் பின்னேரம் நீர்வேலிக்குக் கரண்ட் லைன் இல்லை, நிலையத்து ஜெனரேற்றரில்தான் ஊர் நாடகம் பார்த்தது. ஜெனரேற்றர் அப்பாவின் பொறுப்பு, ஆஸ்பத்திரிக்கு வந்து போன அவசர அந்தரத்தில் எண்ணெய் விட மறந்துவிட்டார். சௌந்தரம் சாவிக்கொத்தில் கை வைக்கிற இடத்தில் அது நின்றது. சனம் அவரைக் கிழித்திருக்கும், அவர், நான் பார்த்துவந்து சொல்லுறன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு லைன் இருந்த கோப்பாய்ப் பக்கம் பறந்தார். அங்கே போய்ச் சேரச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரிடமும் கேட்க வெட்கம், திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து, சனம் சந்தோஷப்படுகிற மாதிரி ஒரு முடிவைக் கட்டி வந்து சொல்லியிருக்கிறார். பெண்கள் கண்ணைத் துடைத்தார்களாம். பிறகு நான் வந்து மற்றதைச் சொன்னபோது ஊரை நினைத்துப் பயமாம், அதற்குப் பிறகு என்னை நினைத்துப் பயமாம். எனக்குப் பயந்தவர் சிரிக்காமலாவது இருந்திருக்கலாம்தானே. இதை நான் அங்கே கேட்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் கோபம் ஏறியது. திங்களும் செவ்வாயும் நான் அவருக்குக் கோப்பி ஊற்றவில்லை, அவரே போட்டுச் சீனி இல்லாமல் குடித்தார்.

ஊர் இப்போது என்னிடம்தான் வருகிறது. கோவிந்தன் எத்தனையாம் பாகத்தில் குசினியைப் பூட்டினான் என்று தர்க்கம் வந்தால் பத்மாவைக் கேள் என்கிறார்கள். திங்கட்கிழமை உன் மாமி வாழைப்பொத்தி வறை கொண்டுவந்தா. மன்னிப்பு என்ற சொல் அவவின் வாயில் வராது, அது எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாகக் கலியாணப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் சௌந்தரத்தைப் போல காலில் விழத் தெரியவேணும் என்று புத்தி சொல்லி வந்தேனே மச்சாள், இனி என்னத்தைச் சொல்லுறது என்று கவலைப்பட்டா. கைப்பையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கச் சொல்லும் என்றேன். வறை நல்லாயிருந்தது.

இன்று காலை அப்பா தோட்டத்தின் வடக்குத் துண்டில் நின்று என்னைக் கூப்பிட்டார். பழைய வாழை எல்லாம் அழித்துப் புதுக்குட்டி வைக்கிற வேலை. நாங்கள் கலியாணம் கட்டி இருபத்து நாலு வருஷம், அந்தத் தோட்டத்துக்குள் நான் இறைத்திருக்கிறேன், புல்லுப் பிடுங்கியிருக்கிறேன், குலை சுமந்திருக்கிறேன், என்ன நடுவது என்று ஒரு நாள் என்னைக் கேட்டதில்லை. இன்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இஞ்சரும், உந்தத் துண்டுக்குக் கதலி வைப்பமோ, இதரை வைப்பமோ, நீர் சொல்லும்” என்றார். ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தேன், வாய்க்கால் மட்டும் நடந்து போய்த் திரும்பி வந்தேன். அவர் அப்படியே நின்றார். இதரை என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, மண்வெட்டியை எடுத்தார்.

வேறென்ன பிள்ளை. குளிருக்குக் காதை மூடு, படிப்பில் கவனம், கண்டதைக் கண்டேன் என்று சொல்லப் பயப்படாதே. வடை வந்த தகர ரின் உன் மாமியுடையது, கழுவித் துடைத்து இங்கே யாராவது வந்தால் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் அவவின் வாய்க்கு நான் பதில் சொல்ல வேண்டும். நீ எடுத்த காரியம் எல்லாம் கைகூடி, நோய் நொடி அண்டாமல், நிமிர்ந்து நடக்கப் பிள்ளையார் துணை நிற்பார். அப்பாவும் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அதையும் எழுதட்டோ என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

என்றும் உன் நினைவோடு,
அம்மா
பஞ்சலிங்கம் பத்மாவதி