கை தூக்குவதற்கான இடைவெளி

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா

பாகீரதி,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

பக்கத்து ஃபிளாட் ரோஹிணி நம் பள்ளியில், இல்லை, உன் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். நேற்று லிஃப்டில், "மாஷி, இன்னிக்கும் கணக்கு கிளாஸ் நீங்கதான் எடுத்தீங்க" என்றாள். ஊரடங்கின்போது நான் பேசிப் பதிவுசெய்த வீடியோக்களாம். அவற்றை ஓடவிட்டுவிட்டு நீ மொபைல் பார்ப்பாயாம்.

வீடியோ இருக்கும்போது ஆள் எதற்கு என்று நிர்வாகம் என்னை வேலையைவிட்டு அனுப்பியபோது தலையாட்டியவள் நீ. மகராசியாய் இரு.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு கணக்கும் முடிந்ததும் "புஜேச்சோ?", புரிந்ததா என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமலிருப்பேன். புரியாத பிள்ளை கை தூக்கட்டும் என்றுதான். அந்த இடத்தை நீ ஃபார்வர்ட் செய்துவிடுகிறாயாம். அந்த வீடியோவில் உனக்கென்று இருக்கும் வேலை, அங்கே யார் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்பது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் வகுப்பில் இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருப்பவள்